ரெஜினா அக்காவின் பிக்கப்பும் என் ஸ்டியரிங் வைத்தியமும்

"தெரியாது" என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை நாற்பது வயது வரைக்கும் நான் கவனமாக மிச்சம் பிடித்து வந்தேன். (குடியிருப்பதும் மிச்சத்தில்தான். தெற்கு லண்டனில் மிச்சம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. நான் பகிடி விடவில்லை.) எனக்கே தெரியாத தெருவுக்கு ஆட்களுக்கு வழி சொல்லியிருக்கிறேன். ஒரு கல்யாண வீட்டில், யாரென்றே தெரியாத ஒருவரிடம் அரை மணி நேரம் அவருடைய தம்பியின் சுகம் விசாரித்திருக்கிறேன். அவருக்குத் தம்பியே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இதெல்லாம் சில்லறைக் குற்றங்கள். ஐந்து வருடத்துக்கு முன்னர் ஒரு பழைய பிக்கப் வண்டியின் ஸ்டியரிங்கில் கை வைத்ததுதான் பெரிய குற்றம். அதன் பிறகு வாயால் செய்தது அதைவிடப் பெரிய குற்றம்.

முதலில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். கவுன்சில் ஒன்றில் கணினிப் பிரிவில் வேலை. யாருடைய கணினியாவது அடம்பிடித்தால் எனக்கு ஃபோன் வரும். "நிற்பாட்டிப் போட்டுத் திரும்பப் போடுங்கள்" என்பேன். பத்தில் ஒன்பது தடவை அதோடு சரிவரும். பத்தாவது தடவை வேறொருவருக்கு மாற்றிவிடுவேன். இந்த உத்தியோகத்தை, மன்னாரில் இருக்கும் என் மாமனார் "எஞ்சினியர்" என்ற ஒரே சொல்லில் ஊருக்கு அறிவித்திருந்தார். அந்தச் சொல் கடல் தாண்டி எங்கள் மாதா கோவிலுக்கும் வந்து சேர்ந்தது. பூசை முடிந்து வெளியே வந்தால் "என்ன எஞ்சினியர், சுகமோ?" என்பார்கள். நானும் "ஓம், சுகம்" என்பேன். சுகம் என்பது மட்டும் உண்மை.

இனி ரெஜினா அக்கா. அவரும் மன்னார்தான். சொந்த அக்கா இல்லை. எங்கள் கோவில் பங்கில் எல்லோருக்கும் அவர் அக்கா. ஐம்பது வயது. தோட்டங்களுக்கு வேலி அடைப்பது, மரக்கிளை வெட்டுவது, குப்பை ஏற்றிப் போவது அவருடைய தொழில். அதற்கு ஒரு பிக்கப் வைத்திருந்தார். வெள்ளை நிறம் என்று பத்திரத்தில் மட்டும் இருந்தது. ஓகஸ்ட் மாதம் எங்கள் கோவில் பெருநாளில் மாதாவின் சொரூபம் சுற்றுப்பிரகாரமாக ஊர்வலம் போவது அந்த வண்டியில்தான். அது அவருடைய நேர்த்தி. தனி ஆளாக இந்த நாட்டுக்கு வந்து, அகதி வழக்கு இழுபட்ட காலத்தில், "எனக்கு இஞ்ச ஒரு வாழ்வு வந்தா, என்ர கையால வண்டி ஓட்டி உன்னைக் கொண்டுபோவன்" என்று மாதாவிடம் சொல்லியிருந்தாராம். ஒன்பது வருடமாக அந்த வாக்கைக் காப்பாற்றி வந்தார்.

அந்த வருடம் பிக்கப்பின் ஸ்டியரிங்கில் ஒரு கோளாறு. நெட்டையோ குட்டையோ, ஓட்டுகிறவரின் உயரத்துக்கு ஏற்ற மாதிரி ஸ்டியரிங்கை மேலும் கீழும் சாய்த்து வைக்கலாம் அல்லவா? அப்படிச் சாய்த்ததைப் பிடித்து நிறுத்த உள்ளே பல்லுப் பல்லாக ஒரு பூட்டும், அடியில் ஒரு லீவரும் இருக்கும். அந்தப் பல்லு தேய்ந்துவிட்டது. குண்டு குழியில் ஏறி இறங்கினால் ஸ்டியரிங் மெல்லக் கீழே சரியும்.

பெருநாள் ஆயத்தக் கூட்டத்தில் அக்காவே இதைச் சொன்னார்.

"ஸ்டியரிங் கொஞ்சம் இறங்குது. நான் கட்டை வைச்சு இறுக்கிக் கட்டியிருக்கிறன். கராஜ்காரன் சாமான் வர ஒரு கிழமை செல்லும் எண்டவன். பெருநாள் முடியக் குடுப்பம்."

கோவில் சங்கத் தலைவர் அந்தோனி மாஸ்டர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தபடி திரும்பினார். "ஏன் கராஜ்? எங்கட எஞ்சினியர் இருக்கிறார்தானே!"

மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"உமக்கு ஏலுமே தம்பி?" என்று அக்கா கேட்டார்.

இங்கேதான் அந்த ஒரு நொடி வந்தது. வந்து, நின்று, போயும்விட்டது.

"என்னக்கா இது, சின்ன வேலை. ஒரு பின்னேரம் காணும்."

"வேண்டாம் தம்பி. கட்டை நிக்குது. நிக்கிறதை ஏன் கழட்டுவான்?"

"இல்லையக்கா, சொரூபம் ஏறுற வண்டி. முறையாச் செய்யோணும்" என்றேன். (முறையாம்!)

பெருநாளுக்கு முதல்நாள், சனிக்கிழமை மத்தியானம், பிக்கப் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. என்னிடம் இருந்த ஆயுதங்கள்: கட்டில் வாங்கிய பெட்டிக்குள் கிடந்த அலன் கீ ஒன்று, பிடி உடைந்த ஸ்குரூடிரைவர் ஒன்று, சைக்கிளோடு இலவசமாக வந்த ஸ்பானர் ஒன்று. குரு, ஃபோனில் ஓடிய வீடியோ. அதில் ஓர் அமெரிக்கர் கையில்லாத பனியனோடு வந்து, இது இருபது நிமிட வேலை என்றார். அவருடைய வண்டியில் ஸ்டியரிங் இடப்பக்கம், எனக்கு வலப்பக்கம். எனவே என் மனைவி டிலானியின் முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கிவந்து, ஃபோனை அதற்குள் பார்த்து வேலை செய்தேன். அந்த வழியால் போன தபால்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

அக்காவின் கட்டையைத்தான் முதலில் கழற்றினேன். வேலிக்கட்டையில் ஒரு துண்டை ஆப்பு மாதிரிச் சீவி, சைக்கிள் டியூப்பால் சுற்றி, இடைவெளியில் அச்சொட்டாகச் செருகி, வாரால் கட்டியிருந்தார். பட்டிக்காட்டு வைத்தியம் என்று மனதுக்குள் சிரித்தபடி அதைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். (இன்றைக்கும் அந்தக் கட்டை கனவில் வரும்.)

பிறகு அடி மூடியைக் கழற்றி, ஒரு நட்டைத் திருகினேன். உள்ளே சுண்டுவிரல் பருமனில் ஒரு ஸ்பிரிங் இருந்தது. ஸ்டியரிங்கின் பாரத்தைத் தாங்குவது அதுதான். அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கண்ணாடிக்குள் அமெரிக்கர் சொல்லத் தொடங்குவதற்கு இரண்டு நொடி முன்னரே அது புறப்பட்டுவிட்டது. முன்கண்ணாடியில் மோதி, என் மூக்கைத் தொட்டு, சீட்டுக்கு அடியில் போய் விழுந்தது. அதைத் தேடிப் பிடிக்கப் பத்து நிமிடம். திரும்ப மாட்ட ஒன்றரை மணி நேரம். மாட்டவே இல்லை. இழுத்தால் கை வழுக்கும், கை வழுக்காவிட்டால் ஸ்பானர் வழுக்கும்.

அப்போது எனக்குள் இருந்த எஞ்சினியர் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். மனிதர்களுக்குக் குடல்வாலை வெட்டி எடுக்கிறார்கள், அதற்காக அவர்கள் செத்தா போகிறார்கள்? ஸ்பிரிங்கைக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். பல்லுப் பூட்டின் நட்டைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். ஸ்டியரிங்கைப் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

டிலானி தேநீரோடு வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இஞ்சப்பா, இந்த வயர் ஏன் வெளியில தொங்குது?"

"அது உள்ளுக்குப் போறதுதான்" என்று சொல்லி, ஸ்குரூடிரைவரால் அதை உள்ளே குத்தித் தள்ளினேன்.

"உங்களுக்கு இது உண்மையாத் தெரியுமோ?"

"ஓமப்பா" என்றேன், அவருடைய முகத்தைப் பாராமல்.

அக்காவுக்கு ஃபோன் எடுத்து, வேலை முடிந்தது, கல்லு மாதிரி நிற்கிறது என்றேன்.

"ஸ்பிரிங்கில ஏதும் பிழையோ தம்பி?"

"ஸ்பிரிங்குக்கு ஒரு பிழையும் இல்லையக்கா." (பொய் இல்லை. பைக்குள் அது நல்ல சுகமாகத்தான் இருந்தது.) "நாளைக்கு நானே கோவிலுக்குக் கொண்டுவாறன். சுற்றுப்பிரகாரத்திலயும் நானே ஓட்டுறன். நீங்கள் இந்த வருசம் செபமாலையோட ஆறுதலா நடந்து வாங்கோ."

"நடந்தோ?" என்று கேட்டார். பிறகு, "சரி தம்பி" என்றார். அவருடைய நேர்த்தி எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. ஞாபகத்தில் இருந்ததெல்லாம் என் புது வெள்ளைச் சட்டையும், மாதாவுக்கு முன்னால் சாரதி ஆசனத்தில் நான் இருக்கப்போகும் அழகும்தான்.

ஞாயிறு காலை வண்டியை நானே ஓட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனேன். பக்கத்தில் என் மகள் அனிற்றா. ஸ்டியரிங் அசையவில்லை. அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். வண்டியின் பின்தட்டுக்குப் பூமாலை கட்டினார், பேனட்டைத் துடைத்தார். முன்பக்கக் கதவை அவர் திறக்கவே இல்லை. இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து கவனித்துக்கொள்ள வேண்டும்.

பின்னேரம் சுற்றுப்பிரகாரம் புறப்பட்டது. கோவில் வளவைச் சுற்றி, பக்கத்துப் பள்ளிக்கூட முற்றத்தால் திரும்பி வரவேண்டும். பின்தட்டில் மாதா, சொரூபத்தைப் பிடித்தபடி நான்கு பேர். முன்னால் பூசை வைக்கும் சுவாமி, பின்னால் சனம். ஒலிபெருக்கியில் செபமாலை. நான் முதல் கியரில், நடைவேகத்தில், முகத்தில் ஒரு பக்தியை ஒட்டவைத்துக்கொண்டு ஓட்டினேன்.

பள்ளிக்கூட வாசலில் ஒரு வேகத்தடை இருந்தது. முன்சில்லு ஏறி இறங்கியது. ஸ்டியரிங் தொப்பென்று என் இரண்டு தொடைகளுக்கும் மேலே விழுந்தது. அதே நேரத்தில், நான் உள்ளே குத்தித் தள்ளிய வயர் எங்கேயோ நசுங்கியிருக்க வேண்டும். ஹோர்ன் அடிக்கத் தொடங்கியது.

அது நிற்கவில்லை.

பிரேக்கை மிதித்தேன். பின்னால் நான்கு பேரும் மாதாவைக் கட்டிப்பிடித்தார்கள். பூமாலை ஒன்று கழன்று முன்கண்ணாடியில் விழுந்தது. சுவாமி திரும்பிப் பார்த்து, கையை மேலும் கீழும் ஆட்டினார். வேலிக்கு அப்பால் தெருவில் போன ஒரு வான்காரர் இதைக் கல்யாணம் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் இரண்டு தரம் ஹோர்ன் அடித்து வாழ்த்திவிட்டுப் போனார்.

இறங்கலாம் என்றால் முடியவில்லை. ஸ்டியரிங் வயிற்றையும் தொடையையும் சேர்த்து ஆசனத்தோடு பூட்டிவிட்டது. (வயிறு அப்போது இப்போது இருப்பதைவிடச் சிறியது என்று டிலானி சொல்கிறார். ஆறுதலுக்குச் சொல்கிறார்.) இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் தூக்கிப் பார்த்தேன். ஹோர்ன் நின்றது. கையை எடுத்தேன். திரும்ப அடித்தது. எனவே தூக்கிப் பிடித்தபடியே இருந்தேன்.

சுவாமி நல்ல மனிதர். வண்டியை யாராவது சரிசெய்யும்வரை நின்ற இடத்திலேயே செபத்தைத் தொடர்வோம் என்று சைகை காட்டினார். முந்நூறு பேர் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கினார்கள். நானும் கையை உயர்த்தியபடி சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு உருக்கமாக நான் அதற்கு முன்னர் செபித்ததில்லை. செபமாலையின் நான்காவது மணியில் தோள் எரிந்தது. ஆறாவதில் ஒரு முழங்கையைக் கதவில் முட்டுக் கொடுத்தேன். எட்டாவது மணியில், "பாவிகளாகிய எங்களுக்காக" என்ற இடத்தில், கை தளர்ந்து, ஹோர்ன் பள்ளிக்கூடச் சுவரெல்லாம் எதிரொலித்தது. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். பிறகு ஒரு வரிசையே இருமியது.

ரெஜினா அக்கா சனத்தை விலக்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் அந்தோனி மாஸ்டரும் சங்கத்துக்காரர்களும் நின்றார்கள்.

"என்ன தம்பி, கல்லு மாதிரி நிக்குது எண்டனீர்?"

அவர் மெதுவாகத்தான் கேட்டார். கோபம் இல்லை. நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தோனி மாஸ்டரின் முகம் தெரிந்தது, வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாய் தன்பாட்டில் பேசியது. எல்லோருக்கும் கேட்கும் குரலில்.

"நான் இறுக்கித்தான் விட்டனான் அக்கா. நீங்கள் காலமை லீவரை இழுத்திட்டீங்கள் போல."

அக்கா என்னைப் பார்த்தார். பஸ்ஸில் வந்த மனிசி. முன்கதவையே தொடாத மனிசி. அவர் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. (பாருங்கள், இப்போது "தெரியாது" என்று எவ்வளவு சுலபமாக வருகிறது.)

"ஓம்," என்றார். "இழுத்திருப்பன் போல."

பிறகு மளமளவென்று வேலை நடந்தது. ஆசனத்தைப் பின்னால் தள்ளி என்னை வெளியே இழுத்தார். பூப்பெட்டியில் ஒரு மரத்துண்டை உடைத்தார். "மாஸ்டர், அந்த ரையைக் கழட்டித் தாங்கோ" என்றார். அந்தோனி மாஸ்டரின் பட்டுக் கழுத்துப்பட்டியால் மரத்துண்டையும் ஸ்டியரிங் தண்டையும் சேர்த்து வரிந்து கட்டினார். எல்லாம் மூன்று நிமிடம். ஏறி உட்கார்ந்து, மாதாவை அசையாமல் கோவில் வாசலில் கொண்டுபோய் இறக்கினார். நான் சனத்தோடு சனமாக, செபமாலை இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடந்தேன்.

பிறகு மண்டபத்தில் ரோல்ஸும் தேநீரும். நான் இரண்டாவது ரோல்ஸைக் கடித்தபோது, கழுத்து வெறுமையாக நின்ற அந்தோனி மாஸ்டர் சொல்வது கேட்டது.

"அடுத்த வருசம் வெளியில ஒரு நல்ல வாகனம் பிடிப்பம். வண்டியும் பழசு. ரெஜினாவுக்கும் கவனம் காணாது. செய்து குடுத்ததையே இழுத்துக் குழப்பிப்போட்டா."

நாலைந்து பேர் ஓம் ஓம் என்றார்கள். குசினிக்குள் ரெஜினா அக்கா தேநீர்க் கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாயை அவர் இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திறந்துவிட்டார். நான் ரோல்ஸை விழுங்கினேன். அது தொண்டையில் நின்ற நேரம் முழுக்க, வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்ல எனக்கு அவகாசம் இருந்தது. சொல்லவில்லை.

மறுநாள் காலை டிலானி உடுப்புக் கழுவ எடுத்தார். நான் லீவில் வீட்டில் இருந்தேன். குசினியில் இருந்து சத்தம் வந்தது.

"இஞ்சப்பா, இது என்ன?"

அவருடைய உள்ளங்கையில் ஸ்பிரிங் இருந்தது.

சொன்னேன். ஸ்பிரிங்கையும் சொன்னேன், அக்கா பஸ்ஸில் வந்ததையும் சொன்னேன். டிலானி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

"இது இல்லாமலா அனிற்றாவை ஏத்திக்கொண்டு றோட்டால போனனீங்கள்?"

அந்தக் கணம்வரை அது எனக்கு உறைக்கவே இல்லை. மூன்று மைல் தூரம், பஸ்களுக்கு நடுவே, பிள்ளை பக்கத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். ஸ்டியரிங் விழுந்த இடம் பள்ளிக்கூட முற்றம். அது வழியில் எங்கே வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம்.

"இண்டைக்குத் திங்கக்கிழமை. அக்கா வண்டியை வேலைக்கு எடுத்திருப்பா" என்றார் டிலானி.

ஃபோன் எடுத்தேன். பதில் இல்லை. திரும்ப எடுத்தேன். சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் பூட்டாமல், ஸ்பிரிங்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். நான்கு தெரு. சந்தி திரும்பியபோது, அவர் வீட்டு வாசலில் பிக்கப் நின்றது தெரிந்தது. அப்படியே மதிலில் சாய்ந்து மூச்சு வாங்கினேன்.

அக்கா வண்டிக்குள் இருந்தார். ஸ்டியரிங்குக்கு அடியில் புதிதாகச் சீவிய கட்டை ஒன்று இருந்தது.

"ஃபோன் உள்ளுக்குக் கிடக்கு தம்பி. ஏன் இந்த ஓட்டம்?"

"அக்கா, வண்டியை எடுக்காதேங்கோ. அதில ஸ்பிரிங் இல்லை."

"தெரியும். நேற்றே பாத்தனான். கராஜ்காரன் வந்து ஏத்திக்கொண்டு போவான்." என் கையைப் பார்த்தார். "ஓ, இஞ்ச கிடக்கு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அதை எப்படிக் கேட்டேன் என்று ஞாபகம் இல்லை. நடுவில் அழுதுவிட்டேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பிறகு கேட்டேன்.

"நீங்கள் ஏன் அக்கா ஓம் எண்டு சொன்னனீங்கள்?"

"உம்மோட வழக்காட எனக்கு அங்க நேரமிருக்கேல்லை. மாதா வெயிலுக்க நிண்டவ" என்றார். புதுக்கட்டையைத் தட்டிப் பார்த்தபடி, "நீர் என்ர வண்டியைப் பழுதாக்கினது பெரிசில்லைத் தம்பி. வண்டி திருத்தலாம். அடுத்த வருசம் எனக்கு ஓட்டக் கிடைக்காது எண்டினம். அதுதான் இரவு நித்திரை வரேல்லை."

"நான் எல்லாருக்கும் சொல்லுறன்."

"அது உம்மட விருப்பம். எனக்காகச் சொல்லுறன் எண்டு சொல்ல வேண்டாம்."

அடுத்த ஞாயிறு பூசை முடிவில், அறிவித்தல் நேரத்தில், சுவாமியிடம் ஒரு நிமிடம் கேட்டு வாங்கினேன். ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றேன். "ரெஜினா அக்கா லீவரை இழுக்கேல்லை. அவ அண்டைக்கு வண்டிக்குள்ள ஏறவே இல்லை. பிழையாப் பூட்டினது நான். பொய் சொன்னதும் நான். நான் எஞ்சினியரும் இல்லை" என்றேன். பிறகு பின்வரிசையில் ஒரு கிழவர் நன்றாகக் கேட்கும்படி, "அதுதான் ஹோர்னே சொன்னதே!" என்றார். கோவில் குலுங்கியது. சுவாமியும் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். சிரிக்காமல் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், டிலானி, ரெஜினா அக்கா. அந்தோனி மாஸ்டர் பூசை முடிந்ததும் நேரே அக்காவிடம் போய்க் கதைத்தார். என்ன கதைத்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த வருடமும், அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வருடமும், மாதா ரெஜினா அக்காவின் பிக்கப்பில்தான் போகிறார். கராஜ்காரர் புதுப்பூட்டும் ஸ்பிரிங்கும் போட்டுக் கொடுத்த ஸ்டியரிங் இன்றுவரை அசையவில்லை.

எங்கள் வீட்டில் அந்த வசனம் மட்டும் நிலைத்துவிட்டது. சோறு அடிப்பிடித்தால் டிலானி சொல்வார்: "ஆரோ லீவரை இழுத்திட்டினம்." அனிற்றாவுக்குக் கணக்கில் புள்ளி குறைந்தால், அறிக்கையை என் முன்னால் வைத்துவிட்டு, "Daddy, someone pulled the lever" என்பாள். சென்ற வருடம் என் மாமனார் மன்னாரில் இருந்து ஃபோனில், மழை இல்லாததற்குக் காரணமும் அதுதான் என்றார். பங்கில் எங்கே மைக் வேலை செய்யாவிட்டாலும் முதலில் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அது எனக்கு வேண்டியதுதான்.

ரெஜினா அக்கா மட்டும் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. போன பெருநாளன்று பின்தட்டுக்குப் பூமாலை கட்ட அவருக்கு உதவி செய்துகொண்டிருந்தேன். அங்கே நின்ற யாரோ அதே பகிடியை விட, எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு, துணிந்து கேட்டேன்.

"அக்கா, எல்லாரும் சொல்லுகினம். நீங்கள் ஏன் ஒருக்காலும் சொல்லுறேல்லை?"

அவர் மாலையின் முடிச்சை இறுக்கி, நுனியைக் கத்தரித்தார்.

"நான் சொன்னா அது பகிடியா இருக்காது தம்பி" என்றார்.